அணைத் தண்ணீரில் சின்ன மோட்டார்: புதிதாக வாங்குகிறவர்களுக்கு

பென்னாகரம் வட்டத்து நாகமரையிலோ ஒட்டனூரிலோ நின்று மேட்டூர் அணைத் தேக்கத்தைப் பார்த்தால், எதிர்க்கரை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். துடுப்புப் போட ஆரம்பித்து, பாதி வழியில் காற்று எதிரே திரும்பும்போதுதான் தூரம் எவ்வளவு என்று தோள்பட்டை சொல்லும். பத்துப் பன்னிரண்டு அடி ஃபைபர் படகோ அலுமினியப் படகோ வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் உதவுவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் 2 அல்லது 2.5 ஹெச்பி அவுட்போர்டு மோட்டார். எடை 13 முதல் 17 கிலோ. காலி கேஸ் சிலிண்டரைத் தூக்குகிற அளவுதான். ஒரே ஆள் வண்டியிலிருந்து இறக்கி மாட்டலாம், வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒகேனக்கல் பரிசலுக்கு இது பொருந்தாது. பரிசல் வட்டமானது. மோட்டாரை மாட்டப் பலகையும் இல்லை, நேர்க்கோட்டில் போக வைக்கும் நீளமான அடிப்பகுதியும் இல்லை. ஓரத்தில் எப்படியாவது கட்டினாலும், தள்ளும் விசை ஒரு பக்கமாக விழுந்து பரிசல் சுற்றத்தான் செய்யும். மோட்டாரின் எடையே அந்த ஓரத்தைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். அங்குள்ள பாறை இடுக்குகளுக்கும் சுழல்களுக்கும் பரிசலும் துடுப்பும்தான் சரி.

எந்தத் தண்ணீர், யாரைக் கேட்பது

கிருஷ்ணகிரி அணை, கெலவரப்பள்ளி, பாரூர் ஏரி, பஞ்சப்பள்ளி சின்னாறு அணை போன்றவற்றில் படகு இறக்க நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். மீன் பிடிப்பதாக இருந்தால், அங்கே மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காவிரிக் கரையில் காட்டை ஒட்டிய பகுதி வேறு கணக்கு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாயும் முதலையும் ஆமையும் வாழும் ஆறு அது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே மோட்டார் ஓட்டக் கூடாது, ஓட்டவும் மனசு வரக் கூடாது. இது தவிர, 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரத்தால் ஓடும் படகுக்குப் பதிவு தேவை. துடுப்புப் படகாக இருந்தது மோட்டார் மாட்டியதும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். காசு கட்டி மோட்டார் வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் விசாரித்துவிடுங்கள்.

முதலில் டேப்பை எடுங்கள்

புதியவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஹெச்பி?" என்பது. கேட்க வேண்டியது "தண்டு எத்தனை அங்குலம்?" என்பதைத்தான். என்ஜினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கால்தான் தண்டு. மோட்டாரை மாட்டும் படகின் பின்பலகையை, மேல் விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை நடுவில் வைத்து நேராக அளந்து பாருங்கள். சுமார் 15 அங்குலம் இருந்தால் குட்டைத் தண்டு, 20 அங்குலம் இருந்தால் நீளத் தண்டு. சின்னப் படகுகளுக்குப் பெரும்பாலும் குட்டைத் தண்டுதான். ஆனால் ஊரிலேயே வார்த்த ஃபைபர் படகுகளில் 17, 18 அங்குலம் என்று நடுவில் வந்து நிற்பதும் உண்டு. அப்போது பலகையில் மோட்டார் உட்காரும் இடத்தை மட்டும் தாழ்த்தி வெட்டுவதைவிட, நீளத் தண்டு வாங்கி அடியில் மரத்துண்டு வைத்து உயர்த்துவது நல்லது. பலகையைத் தாழ்த்தினால் பின்னாலிருந்து வரும் அலை அந்த வழியாகவே உள்ளே ஏறும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ப்ரொப்பெல்லருக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தட்டு இருக்கிறது. அது படகின் அடிப்பாகத்துக்குச் சமமாகவோ 1 அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். தட்டு மேலே ஏறி நின்றால் ப்ரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை இழுக்கும். என்ஜின் அலறும், படகு நகராது. ரொம்பக் கீழே போனால் தண்டு தண்ணீரைக் கிழித்து வேகத்தைத் தின்னும், ஆழம் குறைந்த இடத்தில் பாறையிலும் இடிக்கும்.

அடுத்து பலகையின் தடிமன். கிளாம்ப் பிடிக்கக் குறைந்தது 3 செ.மீ. வேண்டும். வெறும் ஃபைபர் தகடாக இருந்தால் உள்ளேயும் வெளியேயும் 12 மி.மீ. மரைன் பிளைவுட் வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் துளைகளில் சிலிக்கான் அல்லது எபாக்ஸி வைக்காமல் விட்டால் அதன் வழியே தண்ணீர் இறங்கி, இரண்டு மழைக்காலத்தில் பிளைவுட் உள்ளேயே ஊறிப் பிசுபிசுத்துவிடும். வெளியில் பார்க்க நன்றாகவே இருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும்.

எத்தனை ஹெச்பி போதும்

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேக வரம்பு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் (1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகம் வரும். 10 அடிக்கு மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர், 12 அடிக்கு 8.6 கிலோமீட்டர். இரண்டு பேரும் வலையும் பெட்டியும் ஏற்றிய 12 அடிப் படகை 2.5 ஹெச்பி மோட்டாரே ஏறக்குறைய அந்த வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். அதற்கு மேல் 5 ஹெச்பி மாட்டினாலும் பின்னால் அலை பெரிதாகும், பெட்ரோல் இருமடங்கு போகும், வேகம் கொஞ்சம்தான் கூடும். படகு தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கிப் போக வேண்டும் என்றால் அதற்கேற்ற தட்டையான அடியும், இன்னும் பெரிய மோட்டாரும் வேண்டும். நான்கைந்து பேர் ஏறும் 14 அடிப் படகுக்கு மட்டும் 4 முதல் 6 ஹெச்பி பார்க்கலாம். அதன் எடை 25 கிலோவுக்கு மேல் போகும், தனியாளாகத் தூக்குவது சிரமம். படகில் அதிகபட்ச ஹெச்பி எழுதியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவதால் கெலவரப்பள்ளியில் எந்தப் பெட்ரோல் என்ஜினும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மோட்டாரில் கோளாறு என்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஃபோர்-ஸ்ட்ரோக். ஆயில் கலக்கும் வேலை இல்லை, புகை இல்லை, பெட்ரோல் குறைவு. 2.5 ஹெச்பி மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் குடிக்கும். முக்கால் வேகத்தில் அதைவிட நன்றாகவே குறையும். புல்வெட்டும் மெஷினின் என்ஜினைத் தண்டில் ஏற்றி மலிவாக விற்கும் மோட்டார்களும் சந்தையில் உண்டு. ஏரியில் கரையோரம் ஓட்ட அவை போதும். சத்தமும் அதிர்வும் அதிகம், மேட்டூர்த் தேக்கத்தைக் கடக்க அவற்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பேட்டரி மோட்டார் அமைதியானது, சின்ன ஏரிக்கு அருமையானது. 55 பவுண்டு உந்துவிசை என்று விற்கும் 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் கெடும் என்பதால், கையில் கிடைப்பது முழு வேகத்தில் ஒரு மணி நேரம். அந்தப் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தர்மபுரி போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பே பேட்டரியைக் கொன்றுவிடும்.

பெட்ரோலும் ஆயிலும்

சின்ன மோட்டார் மக்கர் செய்தால் பத்தில் ஏழெட்டு முறை காரணம் பெட்ரோல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து கேனின் அடியில் போய் உட்காரும். மோட்டார் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். அதனால் தேவைக்கு மட்டும் வாங்குங்கள், ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், மிச்சத்தை பைக்கில் ஊற்றிக் காலி செய்யுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்கில் ஊற்றக் கூடாது. கேனிலிருந்து ஊற்றும்போது மெல்லிய வலை வைத்த புனல் வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு 50-க்கு 1 என்ற விகிதம் பொதுவானது. 1 லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி. புது மோட்டாரின் முதல் 10 மணி நேரத்துக்கு பெரும்பாலான கம்பெனிகள் 25-க்கு 1 கேட்கும், அதாவது லிட்டருக்கு 40 மில்லி. கையேட்டில் வேறு விகிதம் இருந்தால் அதுதான் சட்டம். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோல். தண்ணீரால் குளிரும் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ 3 என்று எழுதிய ஆயில் வேண்டும். பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி ஆயில் எரிந்தால் சாம்பல் விடும். குறைந்த சூட்டில் ஓடும் இந்த மோட்டாரில் அந்தச் சாம்பல் ப்ளக்கில் படிந்துவிடும். புல்வெட்டி வகை, காற்றால் குளிரும் என்ஜினுக்கு மட்டும் அந்த 2டி ஆயில் சரி.

ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரில் கால் லிட்டரிலிருந்து 350 மில்லி வரை 10டபிள்யூ-30 ஆயில் பிடிக்கும். புது மோட்டார் பெரும்பாலும் ஆயில் இல்லாமலேயே பெட்டியில் வரும். ஊற்றாமல் கயிறு இழுத்தவர்கள் உண்டு, என்ஜின் அன்றைக்கே முடிந்தது.

மாட்டுவது

படகு கரையோரம் முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது மாட்டுவதே பாதுகாப்பு. பலகையின் நடுவில் வைத்து, இரண்டு கிளாம்ப் திருகாணிகளையும் கையால் மாறி மாறி இறுக்குங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும், அதிர்வில் தளரும். மோட்டாரில் கயிறு கட்டும் துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து படகின் வளையத்துக்கு 8 மி.மீ. நைலான் கயிறு கட்டாமல் இழுக்காதீர்கள். அணையின் அடியில் கிடக்கும் மோட்டார்களில் பெரும்பாலானவை அந்தக் கயிறு இல்லாமல் போனவைதான்.

தண்டு தண்ணீரில் செங்குத்தாக நிற்கும்படி சாய்வு ஊசியை, அதாவது மோட்டாரின் சாய்வை நிறுத்திவைக்கும் கம்பியை, வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். ஓடும்போது படகின் மூக்கு வானத்தைப் பார்த்தால் தண்டைப் படகின் பக்கம் ஒரு துளை உள்ளே கொண்டுவாருங்கள். மூக்கு தண்ணீரில் குத்தினால் ஒரு துளை வெளியே. லேசான படகில் மோட்டாரும் ஓட்டுபவரும் ஒரே மூலையில் இருப்பதால் பின்புறம் அமுங்கும். பெட்ரோல் கேன், நங்கூரம், இன்னொரு ஆள் எல்லாம் முன்பக்கம் போகட்டும்.

ஸ்டார்ட் செய்வது

முதல் முறை அணையில் வேண்டாம், வீட்டு வாசலில் 200 லிட்டர் நீல டிரம்மில் செய்யுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலுள்ள கிடைமட்டத் தட்டுக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி நிரப்புங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டவே கூடாது. உள்ளே தண்ணீர் ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளில் கருகிவிடும்.

வரிசை இது: டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகாணியைத் திறக்கவும். பெட்ரோல் குழாயைத் திறக்கவும். கில் சுவிட்ச் கயிற்றை (கழன்றால் என்ஜினை நிறுத்திவிடும் கயிறு) மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டவும். கியர் இருந்தால் நியூட்ரலில் வைக்கவும். குளிர்ந்த என்ஜினுக்கு சோக்கை முழுதும் இழுத்து, ஆக்சிலரேட்டரை ஸ்டார்ட் குறிக்குக் கொண்டுவரவும். பின்னால் யாருடைய முகமும் உங்கள் முழங்கைக்கு நேரே இல்லை என்று பார்த்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கயிற்றை மெதுவாக இழுங்கள். கனமாகத் தட்டும் இடம் வந்ததும் அங்கிருந்து ஒரே வீச்சில் இழுக்கவும். பிடித்ததும் ஐந்து பத்து நொடிகளில் சோக்கை உள்ளே தள்ளுங்கள். சூடான என்ஜினுக்கு சோக் வேண்டாம்.

பழைய 2 ஹெச்பி மோட்டார்கள் சிலவற்றில் நியூட்ரலே கிடையாது. கயிறு இழுத்த நொடியே படகு பாயும். மூக்கை ஆழத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும்.

தண்ணீரால் குளிரும் மோட்டாரில் பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து நூல்போலத் தண்ணீர் பீச்சும். ஓடும்வரை அதை அடிக்கடி திரும்பிப் பாருங்கள். அரை நிமிடத்தில் வரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். உறிஞ்சும் இடத்தில் பாசி ஒட்டியிருக்கலாம், துளையில் சேறு அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியால் குத்தினால் விடும். இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது.

தண்ணீரில்

கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். கால் மணி நேரத்தில் கை பழகிவிடும். 2, 2.5 ஹெச்பி மோட்டார்களில் பெரும்பாலும் ரிவர்ஸ் கிடையாது. மோட்டாரின் தலையை முழுதாகத் திருப்பி முன்பக்கம் தள்ள வைத்துத்தான் பின்னால் வர வேண்டும். குறைந்த வேகத்தில் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் பின்பலகை வழியே தண்ணீர் ஏறும். முதல் ஒரு மணி நேரம் பாதி வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

கில் கயிற்றை அலட்சியம் செய்யாதீர்கள். ஓட்டுபவர் விழுந்துவிட்டால் ஆளில்லாத படகு நேரே போகாது. மோட்டார் ஒரு பக்கம் திரும்பி, வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும்.

மேட்டூர்த் தேக்கத்தில் மேலே தெரிவதைவிட அடியில் இருப்பதுதான் ஆபத்து. 1934-ல் அணை கட்டி முடித்தபோது ஊர்களும் கோயில்களும் அப்படியே மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். அணை நிரம்பி 120 அடியில் நின்றபோது எந்தத் தடங்கலும் இல்லாமல் போன வழியில், மட்டம் இறங்கிய மாதங்களில் பாறையும் மரக்கட்டையும் ஒரு சாண் ஆழத்தில் காத்திருக்கும். அன்றைய நீர்மட்டம் பார்க்காமல் பழைய வழியை நம்பாதீர்கள். காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் வரத்து ஏறுகிறது என்று செய்தி வந்தால் அன்றைக்குப் படகு கரையிலேயே இருக்கட்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது லேசான படகுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். மோட்டார் நின்றால் காற்றே புறப்பட்ட கரைக்குத் தள்ளிக் கொண்டுவரும். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இரண்டு துடுப்பும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் எப்போதும் படகில் இருக்க வேண்டும். ஷட்டர் பக்கம் எந்த அணையிலும் போகவே கூடாது.

நின்றுவிட்டால்

புறப்பட்டுச் சில நிமிடங்களில் இருமி நின்றால், முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகாணியைப் பாருங்கள். அதைத் திறக்க மறப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் இறங்காது.

என்ஜின் நன்றாக ஓடுகிறது, படகு நகரவில்லை என்றால் ஷியர் பின் உடைந்திருக்கும். ப்ரொப்பெல்லருக்கும் அச்சுக்கும் குறுக்கே இருக்கும் சின்ன உலோகக் குச்சி அது. பாறையில் அடிபட்டால் கியருக்குப் பதிலாகத் தான் உடைவதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்திருக்கிறார்கள். தண்டை மேலே சாய்த்து, ப்ரொப்பெல்லர் கழலாமல் பிடிக்கும் கோட்டர் பின்னைக் கட்டிங் பிளேயரால் எடுத்து, ப்ரொப்பெல்லரை உருவி, புதுசு போட ஐந்து நிமிடம். மூன்று உபரிப் பின்களை மோட்டார் கைப்பிடியிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். ஓசூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, கேட்டால் அரை மணியில் கடைந்து தருவார்கள். "இரும்பிலேயே செய்துவிடவா, உடையாது" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின் உடையாவிட்டால் அடுத்து உடைவது கியர்.

பலமுறை இழுத்தும் பிடிக்காமல் பெட்ரோல் வாடை அடித்தால் ப்ளக் நனைந்திருக்கிறது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து ஐந்தாறு முறை இழுங்கள். ஆகவில்லையென்றால் ப்ளக்கைக் கழற்றித் துடையுங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. இருப்பது வழக்கம். ஓடுகிறது, ஆனால் சோக் போட்டால் மட்டும்தான் ஓடுகிறது என்றால் கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு. ஸ்கூட்டர் மெக்கானிக்குக்கு இது தெரிந்த வேலைதான்.

தங்கூசி வலையும் ஆகாயத்தாமரையும் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். வரிசையாகத் தெர்மாகோல் துண்டோ பாட்டிலோ மிதந்தால் அடியில் வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். அந்த வலை ஒரு மீனவரின் அன்றைய வருமானம். சுற்றிவிட்டால் அணைத்து, கில் கயிற்றைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். நூல் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நுழைந்து எண்ணெய் சீலை அறுக்கும். அதைக் கரையில் வந்து ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

கரைக்கு வந்த பிறகு

கெலவரப்பள்ளியில் தென்பெண்ணைத் தண்ணீர் நுரை பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓட்டினால் அன்றைக்கே டிரம்மில் நல்ல தண்ணீர் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மற்ற இடங்களில் சேற்றில் ஓடியிருந்தால் மட்டும் போதும். கடைசியில் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு காற்றுத் திருகாணியையும் மூடுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரைப் படுக்க வைக்கும் பக்கம் எது என்று மூடியிலேயே குறித்திருப்பார்கள். மறுபக்கம் படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். எந்த மோட்டாரானாலும் என்ஜின் தலை ப்ரொப்பெல்லரைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது, தண்டில் தங்கிய தண்ணீர் உள்ளே இறங்கும்.

கியர் ஆயிலை முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். மேல் திருகாணியையும் கழற்றி, கீழ்த் துளை வழியாகக் குழலால் ஏற்ற வேண்டும். மேலே வழிந்ததும், மேல் திருகாணியை முதலில் மூடிவிட்டுக் கீழே மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கிவிடும். வடிந்த ஆயில் டீ நிறத்தில் பால்போலக் கலங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

மோட்டார் முழுகிவிட்டால், எடுத்தவுடன் கயிறு இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிடித்தால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, தண்ணீர் நிற்கும்வரை மெதுவாகக் கயிறு இழுங்கள். டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து, ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் ஆயிலையும் மாற்றி, ப்ளக் துளையில் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி இழுத்து, புதுப் பெட்ரோலில் அன்று மாலைக்குள்ளேயே அரை மணி நேரம் ஓட்டிவிட வேண்டும். மறுநாளுக்கு ஒத்திப்போட்டால் இரவிலேயே பேரிங்கில் துரு பிடித்துவிடும்.